என் ஸ்டேட்டஸில் இருந்த படம்

மகள் பெரியவளானபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "என் போட்டோ எதையும் போன்ல போடாதம்மா." சரி என்றேன். அச்சரப்பாக்கத்தில் மஞ்சள் நீராட்டு முடிந்த அன்று, மண்டபத்திலேயே உட்கார்ந்து என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நான்தான் போட்டேன்.

கணவரின் அக்கா பக்கத்தில் இருந்தார். "இன்னாமா, எல்லாரும் போட்டுகினு கீறாங்க. பெத்தவ நீ போடலனா வூட்ல ஏதோ சண்டைன்னு நெனைப்பாங்க" என்றார். அவர் சொன்னதால் போட்டேன் என்று எழுதலாம். ஆனால் அந்தப் பட்டுப் புடவையில் அவள் எனக்கும் அழகாகத்தான் தெரிந்தாள்.

வகுப்புப் பெற்றோர் பலரும் என் ஸ்டேட்டஸைப் பார்ப்பார்கள் என்பது நினைவுக்கு வரவில்லை. நாங்கள் இருக்கும் ஊரப்பாக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அம்மாவின் போனில்தான் வீட்டுப்பாடம் பார்க்கிறார்கள். அவர்களில் யாரோ அந்தப் படத்தில் மஞ்சள் பூசிய முகத்தை மட்டும் வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். அவள் பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே, "புதுப்பொண்ணு வந்துகினு கீது, வழி வுடுங்கடா" என்று ஒருவன் கத்தினானாம்.

ஸ்டிக்கரை அவள் போனில்தான் பார்த்தேன். அந்த போனைத் தினமும் சோதிப்பேன். பாஸ்வேர்டு தெரியும், எங்கே இருக்கிறாள் என்றும் பார்ப்பேன். அத்தனை காவலும் முன்பின் தெரியாதவர்களை நினைத்துத்தான்.

மூன்று நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. இனிமேலும் போகமாட்டேன் என்றாள். நான் போட்ட படத்தை நீக்கிவிட்டு, நாத்தனாருக்குப் போன் செய்து அவர் போட்டதையும் நீக்கச் சொன்னேன்.

"நாங்க இன்னா அந்நியமா? வாசல்ல பேனர்லயே இத்தாம் பெருசா நின்னா. அப்போ வராத வெக்கம் இப்போ இன்னாத்துக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை, போவாளோ மாட்டாளோ என்று தெரியாமலே சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "மிஸ்கிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னன்னு பேசுவ? பசங்க தப்புன்னா?"

"ஆமா."

"நீ போட்டதையும் சொல்லு. நான் வேணாம்னு சொன்னதையும் சொல்லு. அப்பதான் வருவேன்."

வகுப்பாசிரியை முன்னால், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டையும் சொன்னேன். "எங்க பொண்ணுக்கும் ஸ்டேட்டஸ் போட்டோமேம்மா" என்று சிரிக்க வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பேசுவதாகச் சொன்னார். ஸ்டிக்கர் இன்னும் யார் யார் போனில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

மகள் வகுப்புக்கு நடந்தாள். முதல் பீரியட் முடிந்து மணி அடிக்கும்வரை கேட்டருகே நின்றேன். அவள் வெளியே வரவில்லை.