குணமான எலிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு எலி எண்ணும் வேலை. சிரிக்காதீர்கள், அம்மா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாள். மூளையின் ஒரு பக்கத்தை மட்டும் மருந்து வைத்துக் கெடுத்த எலிகள் அவை. பார்க்கின்சன் நோயை எலிக்கு வரவழைப்பது இப்படித்தான். பிறகு சோதனைக்கு இன்னொரு ஊசி போட்டதும் ஒரே பக்கமாகச் சுற்றும். எத்தனை சுற்று என்று நான் உட்கார்ந்து கோடு போட வேண்டும். அவற்றில் சில எலிகளுக்கு மட்டும், மூளைச் செல்களைச் சாகவிடாமல் காக்கும் ஒரு புரதத்தைத் தலைக்குள் செலுத்தியிருந்தார்கள்.

அதே நோய்தான் என் அப்பாவுக்கும். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போட அம்மா வேண்டியிருந்தது.

ஒரு வாரம் அந்தப் புரதம் போட்ட எலிகளின் சுற்று மளமளவென்று குறைந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "சுத்துன எலி நேரா நடக்குதுப்பா" என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அம்மா எழுந்து, கர்த்தர் செய்த நன்மை என்று எல்லோர் முன்னும் சாட்சி சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கு மருந்து கெடைச்சிட்ச்சி. எம் பொண்ணு கையாலயே கர்த்தர் குடுத்துட்டாரு." பெண்கள் ஸ்தோத்திரம் சொல்லி அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் பெற்றவளைப் பொய்க்காரி ஆக்க முடியுமா?

இரண்டு வாரத்தில் அப்பா கட்டிலை விட்டு எழ முடியாமல் விறைத்துப்போனார். காலை வேலைக்குக் கிளம்பும்முன் அவர் வாயில் மாத்திரை வைப்பது நான்தான். ஒரு நாளும் தவறியதில்லை. ஒருநாள் தலையணை உறையைக் கழற்றினால், ஊறி உலர்ந்த மாத்திரைகள் கொட்டின.

"இன்னாப்பா இது?" என்று கத்திவிட்டேன்.

"சாட்சி சொல்லியாச்சேம்மா. இன்னும் மாத்திர முழுங்குனா அவிசுவாசம் ஆய்டும்." குரல் காற்றாகத்தான் வந்தது. "எலி மருந்து வர்ற வரைக்கும் தாங்கிக்கிறேன். அதுங்க நல்லாத்தான இருக்குதுங்க?"

ஆமாம் என்றால் மாத்திரையைத் தொடமாட்டார்.

"இல்லப்பா. போன வாரமே கொன்னுட்டோம்."

"கொணமானதையுமா?"

"நெஜமா கொணமாச்சான்னு பாக்க மூளைய எடுத்து சீவணும்பா. அந்த மருந்து மனுசனுக்கு எப்ப வருமோ, யாருக்கும் தெரியாது."

அப்பா என்னைப் பார்த்தார். நோய் அந்த முகத்தை எப்போதோ இறுக்கிவிட்டது. கோபமா வருத்தமா என்று பெற்ற மகளுக்கே தெரியவில்லை. பாவி நான், அப்போதும் அந்த முகத்தில் மன்னிப்பைத்தான் தேடினேன். அவர் மெல்ல வாயைத் திறந்தார். மாத்திரையை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது.

சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "இன்னாவாம்? எலிங்க எப்டி இருக்குதாம்?"

நான் வாயெடுக்கும் முன்னே அப்பா சொன்னார்: "நல்லா நடக்குதுங்களாம்."