வேட்பாளரின் வெள்ளை வேட்டி

எங்கள் நாட்டில் அரசியல் தலைவரின் உடை என்றால் வெள்ளை. சிங்களத் தலைவருக்கு வெள்ளைத் தேசிய உடை, நம்மவருக்கு வெள்ளை வேட்டி. கை சுத்தம், வாழ்க்கை எளிமை என்றெல்லாம் துணியே பேசிவிடுவதால் தலைவர் தனியாக எதையும் நம்பத் தேவையில்லை என்பது என் பழைய கிண்டல்.

அந்தக் கிண்டல் பெரும்பாலும் ஒருவனைக் குறிவைத்துத்தான். நாவலப்பிட்டியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், பிறகு தொழிற்சங்கக்காரன். பரீட்சையில் என் பக்கத்தில்கூட வந்ததில்லை. ஆனால் வேட்டியோடு அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். நான் இறங்கினால் கண்டக்டர், "சுருக்கா எறங்குங்க" என்பார்.

எங்கள் வட்டாரத்தில் அவன் பிரதேச சபைக்கு நிற்கிறான் என்றதும் நானும் நின்றேன். மக்கள் சேவை என்று நோட்டீஸில் போட்டேன். உண்மையில் அவனை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான். கண்டியில் அவன் துணி எடுக்கும் கடையிலேயே அதே வேட்டி, அதே சட்டைத் துணி எடுத்து, உடுத்திக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டுக் கேட்கப் போனேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநிற்கும் முதல் லயத்தில் ஒரு பெண் என்னைக் கண்டதும் பதறினாள்.

"ஐயோ, யாருங்க தவறிட்டாங்க?"

இழவுக்கும் இங்கே வெள்ளைதான்.

"யாரும் சாகலம்மா. ஓட்டுக் கேட்டு வந்தேன்."

"அப்பாடா" என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

அடுத்த லயத்தில் நிஜமாகவே ஒரு சாவு. வாசலில் பந்தல், தப்பு மேளச் சத்தம். அங்கேதான் என் உடை எடுபட்டது.

"சேர் கேள்விப்பட்டு வந்திருக்காரு. கதிரை போடுங்கடா!" என்றார் இறந்தவரின் மகன்.

அவனுக்கு முன்னால் வந்துவிட்டேன் என்று எனக்குள் குதூகலம். துக்க முகத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்: "உங்க தலைவர் இன்னும் வரலையோ?"

"அண்ணனா? காலையிலேயே வந்துட்டாரே. மேல பயலுகளோட குழி வெட்டிக்கிட்டு இருக்காரு."

சற்று நேரத்தில் இறங்கி வந்தான். இடுப்பில் பழைய சாரம், மேலே கிழிந்த பெனியன், முழங்கால்வரை சேறு. வெள்ளையை எப்போது உடுத்தக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது! அந்தச் சேறுகூட அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது. நடிக்கிறான் என்று நம்ப மிகவும் முயன்றேன். உள்ளங்கையில் கொப்புளங்கள் இருந்தன. அதற்குமேல் முயல முடியவில்லை.

அவன் அவர்களோடு தரையில் உட்கார்ந்தான். நானும் தரைக்கு இறங்கப் பார்த்தேன்.

"வேணாம் சேர், வெள்ளை அழுக்காயிரும்" என்று பிடித்துக் கதிரையிலேயே இருத்திவிட்டார்கள்.

அவன் நிமிர்ந்து பார்த்து, "டேய், வேட்டி ஒனக்கு எடுப்பா இருக்குடா" என்றான். அதில் கேலி இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாக்களிப்பு நாளில் எனக்கே புள்ளடி போட்டேன். பொறாமை மட்டும் இல்லாதிருந்தால் அவனுக்குத்தான் போட்டிருப்பேன்.