அமுக்கரா தர மறுத்த சித்த மருத்துவர்

மருத்துவர் எஸ்தர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள் செல்வி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் விற்பவள். "அக்கா, நம்ம டாக்டரம்மா பூட்டாங்களாம். அச்சரப்பாக்கத்து வூட்லயே, மாரடைப்பாம்" என்றாள். தடுப்பூசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர், அவர் சித்த மருத்துவர். அடுத்தடுத்த அறைகள். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்கு அவருடைய நிதானம் தெரியும். பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட பெற்றோரின் மகள் அவர். "எங்கம்மா அசதியா இருந்தப்ப இன்னான்னு கேக்க ஆளில்ல. அதான் நான் கேக்கறேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

பெருந்தொற்றுக் காலம் ஓய்ந்த பிறகும் எனக்கு உடம்பு தேறவில்லை. படபடப்பு, கைநடுக்கம், ஆளும் மெலிந்துகொண்டே போனேன். வேலைப் பளுதான் காரணம் என்று நம்பினேன். கைப்பேசியில் விளம்பரம் பார்த்து அஸ்வகந்தா மாத்திரை வாங்கினேன். நம் அமுக்கரா கிழங்குதான் அது. மன அழுத்தம் குறையும், தெம்பு வரும் என்று போட்டிருந்தது. மதியச் சாப்பாட்டின்போது புட்டியை நீட்டி, எப்படிச் சாப்பிடுவது என்று அவரிடம் கேட்டேன். தன் துறை மருந்தை நான் தேடிப்போனதில் மகிழ்வார் என்று நினைத்தேன். அவரோ புட்டியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்.

"நல்ல மருந்துதான் கௌரி. ஆனா உனக்கு இப்போ வேணாம். மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணு."

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் அமுக்கரா அதை இன்னும் தூண்டிவிடக்கூடும் என்று விளக்கி, அவரே என்னைச் செங்கல்பட்டில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். அங்கிருந்த ஒருவர், சித்த வைத்தியமே இங்கே வந்துவிட்டதா என்று சிரித்தார். திரும்பும் வழியில் பேருந்தில்தான் எஸ்தர் அதற்குப் பதில் சொன்னார்: "என் மருந்து மேல எனக்கு மரியாத இருக்கு. அதான் கண்டவங்களுக்கும் குடுக்க மாட்டேன்."

நான் தேறிவிட்டேன்.

செல்வியின் கணவர் முருகன் விஷயம் வேறு. படகு கவிழ்ந்து, கூடப் போன தம்பி கரை சேரவில்லை. அதன் பிறகு அவர் கடல் பக்கமே போகவில்லை. தூக்கமும் இல்லை. எஸ்தர் அவரை முழுக்கப் பரிசோதித்த பிறகே, இரவில் பாலில் கலந்து குடிக்க அமுக்கரா சூரணம் கொடுத்தார்.

"இந்தப் பொடிய துன்னா பயம் பூடுமா?" என்று முருகன் கேட்டார்.

"போவாது அண்ணாத்த. கொஞ்சம் தூக்கம் வரும், ஒடம்பு தாங்கும். பயத்த பேசித்தான் பாக்கணும்."

மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். தானும் வாராவாரம் குப்பத்துக்குப் போய் அவரோடு கரையில் நடந்தார். முதலில் முருகன் படகருகே உட்கார்ந்து வலை மட்டும் பின்னினார். பிறகு படகைத் தள்ளக் கை கொடுத்தார். மழைக்காலம் முடிந்து ஒரு காலையில், அவர் கடலுக்குப் போய்விட்டதாகச் செல்வி போன் செய்தபோது, எஸ்தர் நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொடியா, பேச்சா, எது வேலை செய்தது என்று நான் பிறகு கேட்டேன். "தெரியல. பொடிய மட்டும் நம்பியிருந்தா அவரு வூட்லயே இருந்திருப்பாரு" என்றார்.

அச்சரப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அவரைச் சுமந்து போனவர்களில் முருகனும் ஒருவர். வழி நெடுக அவர் யாருக்கும் தோள் மாற்றிக் கொடுக்கவில்லை.

சித்த மருத்துவர் அறைக்கு இன்னும் புது மருத்துவர் யாரும் வரவில்லை. சென்ற வாரம், கேளம்பாக்கத்தில் கணினி வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். களைப்பாக இருக்கிறது, ஏதாவது மூலிகைப் பொடி கிடைக்குமா என்றாள். எஸ்தர் எப்போதும் நோயாளியின் நாற்காலியை மேசைக்கு எதிரே போடாமல் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். நானும் அப்படியே இழுத்துப் போட்டேன். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அந்தப் பெண் வெகுநேரம் பேசினாள்.