கன்னி மூலைத் தொட்டியும் இரண்டு கிலோவாட் வெயிலும்: பட்டாபிராம், மாங்காடு, சென்னீர்குப்பம் ஒரு நாள்

அன்று ஆட்டோவில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர். பக்கத்து வீட்டு ஷமீமா, பூந்தமல்லியில் பிறந்தவள், வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். ஓட்டுநர் டில்லி. இவர்களைத் தவிர என் மடியில் ஒரு நூறு பக்க நோட்டு. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, காலை 7.10க்குக் கிளம்பினோம். நாள் முழுவதற்கும் வாடகை 1,500 ரூபாய் என்று முதலிலேயே பேசிக்கொண்டேன். (நீங்களும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.)

கோயில், குளம் என்று எழுதுகிறவள் இந்த முறை எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நகர் பட்டாபிராம் ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. எங்களுடையது ஏரியை ஒட்டிய கடைசித் தெரு, ஏழே வீடுகள். ஐப்பசியில் மழை பிடித்தால் தெரு தீவாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தண்ணீர் ஏறியதும் கரண்ட்டை நிறுத்துவார்கள். நம் உயிருக்காகத்தான் நிறுத்துகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். போன வருடம் நாற்பத்தொரு மணி நேரம் நின்றது. ஷமீமாவின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நுரையீரல் கோளாறு. படுக்கும்போது ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடியாக வேண்டும், அது கரண்டில்தான் ஓடும். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் தீர்ந்த பிறகு, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தொடையளவு தண்ணீரில் நான்கு ஆண்கள் மெயின் ரோடு வரை தூக்கிப் போனார்கள். அவர் பிழைத்தார். அவள் அல்லாவுக்கு நன்றி சொன்னாள், நான் அம்மனுக்குச் சொன்னேன்.

இந்த வருடம் அப்படி நடக்கக் கூடாது என்று ஏழு வீடும் கூடிப் பேசினோம். எங்கள் வீட்டு மாடியில் சோலார் பேனல், கீழே பேட்டரி. மழையில் கரண்ட் போனால் அத்தா எங்கள் முன்னறையில் படுத்துக்கொள்வார், மற்றவர்கள் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்வார்கள். பேனல் எங்கள் செலவு, பேட்டரி ஏழு வீட்டுக்கும் பொது. ஒரு ஏஜென்ட் வந்து மொத்தம் 2,65,000 என்று எழுதிக் கொடுத்து, "பேட்டரிக்கும் சேத்து கவர்மென்ட் மானியம் தொண்ணூத்தி மூணாயிரம் வந்துடும்மா" என்றார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், ஏற்கெனவே சோலார் போட்டவர்கள் வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இந்தப் பயணம்.

முதலில் அம்பத்தூர். 16 கிலோமீட்டர், 8.05க்குச் சேர்ந்தோம். என் கணவரோடு வேலை பார்த்த நாகராஜன் சார் வீடு. மூன்று கிலோவாட், ஆறு பேனல், பேட்டரி இல்லை. மாடியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். முன்பு இரண்டு மாதத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் வந்த பில், இப்போது ஐந்நூறைத் தாண்டுவதில்லையாம். மானியம் 78,000, மீட்டர் மாற்றிச் சோதனை முடிந்த பிறகு நேராக வங்கிக் கணக்குக்கு வந்ததாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

கீழே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். மணி சரியாக ஒன்பது. ஃபேன் நின்றது.

"மாதாந்திரப் பராமரிப்பு. ரெண்டு மணிக்குத்தான் வரும்" என்றார் நாகராஜன் சார், விசிறியை எடுத்துக்கொண்டே.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மாடியில் ஆறு பேனல் மினுமினுக்கிறது. வீட்டுக்குள் புழுங்குகிறது.

"இன்னா சார் இது! கண்ணாலத்துக்கு வந்துட்டு பந்தில எல இல்லன்ற மாரி கீது" என்றான் வாசலில் நின்ற டில்லி.

"யோவ், லைன்ல ஆள் ஏறி வேலை பார்ப்பான். என் மாடியிலிருந்து கரண்ட் போய் அவனை அடிச்சா? அதனால ஈபி நின்னா இதுவும் தானா நின்னுடும். நான் பில்லுக்காகப் போட்டேன். கரண்ட் போனாலும் எரியணும்னா பேட்டரி வேணும், அதுக்கேத்த இன்வெர்ட்டர் வேணும். பேட்டரிக்கு மானியம் கிடையாது."

"கிடையாதா? ஏஜென்ட் எழுதியே குடுத்தாரே!" என்றாள் ஷமீமா.

நாகராஜன் சார் தன் காகிதங்களை எடுத்து விரித்தார். வீடுகளுக்கு மத்திய அரசு தரும் மானியம் பேனலின் அளவுக்குத்தான். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. அதுவும் உள்நாட்டுத் தயாரிப்புப் பேனலாக இருக்க வேண்டும். பேட்டரி வைத்துக்கொள்வது நம் இஷ்டம், காசும் நம் காசு. எங்களுடையது இரண்டு கிலோவாட், ஆக 60,000. ஏஜென்ட் சொன்னதில் 33,000 ஒரே நிமிடத்தில் காணாமல் போனது.

வண்டியில் ஏறியதும் என் கணவர் சமாதானம் சொன்னார். "மலை கிராமம், தீவு, அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் பேட்டரியோட குடுப்பாங்களா இருக்கும். நாம சிட்டியாச்சே."

"சிட்டிதான் மாமா. போன ஐப்பசில எங்க அத்தா சிட்டிக்குள்ள நாற்காலில மிதந்தாரு" என்றாள் ஷமீமா.

 எனக்கும் அதுதான் தோன்றியது. வரைபடத்தில் மாநகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம், வருடத்தில் ஒரு வாரம் எந்த மலைக்கிராமத்தையும்விடத் தொலைவில் இருக்கிறோம். மானியத்தை எழுதுகிறவர்கள் அந்த ஒரு வாரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். மனு எழுதி வைத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

அம்பத்தூரிலிருந்து மாங்காடு 15 கிலோமீட்டர், 10.50க்குப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை என்பதால் காமாட்சி அம்மன் சன்னிதியில் கூட்டம், நாற்பது நிமிடம் நின்றேன். எலுமிச்சம்பழம் இரண்டு 20 ரூபாய், செருப்பு வைக்க 10. ஷமீமா வெளியே நிழலில் டில்லியோடு பேசிக்கொண்டிருந்தாள். 33,000 ரூபாயைத் திருப்பிக் கொடு என்று அம்மனிடம் கேட்பது அழகில்லை. வழி காட்டு என்று மட்டும் கேட்டேன். உண்டியலில் போட்டதை நான் எழுதுவதில்லை.

மதியம் பூந்தமல்லியில் ஷமீமாவின் அக்கா வீட்டில் சாப்பாடு. நாலு கிலோமீட்டர்தான். வாங்கிப்போன இனிப்பு 240 ரூபாய். புரட்டாசி என்று எங்களுக்காகத் தனியாகச் சாம்பாரும் கத்திரிக்காய் வறுவலும் செய்திருந்தார்கள். டில்லிக்குப் பிரியாணி. என் கணவர் டில்லியின் தட்டைப் பார்த்த பார்வையில் அந்தக் கோழி மறுபடி உயிர் பெற்றிருக்கும்.

"இன்னா நைனா, ஒரு வாய் வெக்கிறியா? பெருமாளு கண்டுக்க மாட்டாரு."

"பெருமாள் விட்டுடுவார்பா. இவ நோட்டுல எழுதிடுவா."

எழுதவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

2.45க்குச் சென்னீர்குப்பம். ஜான்சி சிஸ்டர் வீடு. ஓய்வு பெற்ற நர்ஸ், ஷமீமாவின் அக்காவுக்குப் பழக்கம். நாங்கள் போட நினைக்கும் அதே அளவு அவர் வைத்திருக்கிறார்: இரண்டு கிலோவாட், நான்கு பேனல், கூடவே ஐந்து யூனிட் பிடிக்கும் பேட்டரி. மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டினார். ஃபேன் நிற்கவில்லை. ஷமீமா கை தட்டிவிட்டாள்.

அத்தாவின் இயந்திரத்தைப் பற்றி அவரே விசாரித்துக் கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட் இழுக்கும். சேதாரம் போக, நிறைந்த பேட்டரி பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். "ஆனா மறுநாள் அது மறுபடி நிறையணும்மா. மழைநாள்ல வெயில் எட்டிப்பார்க்கிறதே ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்தான். அதைச் சிந்தாம புடிக்கணும். மேல வாங்க, என் வீட்டுல எப்படிச் சிந்துதுன்னு காட்டறேன்."

மாடியில் நல்ல வெயில். அவர் போனில் காட்டினார். மதியம் ஆயிரத்து அறுநூறு வாட் வந்த இடத்தில் இப்போது ஐந்நூறு. மேகம் ஒன்றுகூட இல்லை. தென்மேற்கு மூலையில், மாடிப்படி அறையின் தலைமேல் தண்ணீர்த் தொட்டி. அதன் நிழல் நீளமாக வந்து முதல் பேனலில் படுத்திருந்தது.

"ஒரு பேனல் மேல நிழல் விழுந்தா நாலும் சோர்ந்துடுது. மூணு மணிக்கு மேல தினமும் இப்படித்தான்."

"தொட்டியை ஏன் அங்க வெச்சீங்க?" என்று கேட்டார் என் கணவர். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் எங்கங்க வெச்சேன்? நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு வாஸ்து தெரியாது. இந்தப் பக்கத்து மேஸ்திரிங்களுக்குத் தொட்டின்னா கன்னி மூலைதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன் யாரையும் கேக்கறதே இல்லை."

அங்கிருந்து சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மாடி எல்லாவற்றிலும் கறுப்புத் தொட்டி, எல்லாம் ஒரே மூலையில். பேனல் வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

"கோமதி, நம்ம தொட்டி எங்க இருக்கு?" என்றார் என் கணவர்.

அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தொட்டியும் கன்னி மூலையில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், தென்மேற்கு உயர்ந்திருந்தால் வீட்டுக்கு நல்லது என்று ஒருவர் சொல்ல, நானே ஆள் வைத்து மூன்றடிச் செங்கல் தூண் கட்டி அதை உயர்த்தினேன். ஏஜென்ட் வந்து பார்த்தது காலை பத்து மணிக்கு. அப்போது நிழல் மறுபக்கம் விழுந்திருக்கும். அவர் வரைந்து கொடுத்த படத்தில் நிழலே இல்லை.

தொட்டியை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன். உயர்த்திய பிறகு வீட்டில் நல்லது நடந்திருக்கிறது. ஆனால் ஷமீமா பேனலையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நிழல் போற வரைக்கும் அத்தாவ மூச்சு விடாம இருங்கன்னு சொல்ல முடியாதே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. இறங்கிக் கீழே போய்விடலாம் என்று திரும்பினேன்.

டில்லி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "இன்னாத்துக்குக்கா மூஞ்சி தொங்கிப்போச்சு? தொட்டி நெகராதுன்னா பேனல ஏத்திடு. தொட்டிக்குக் கொட புடிச்ச மாரி மேல போட்டுடு. தொட்டிக்கும் வெயிலு படாது, தண்ணி ஜில்லுனு வரும்."

நாங்கள் சிரித்தோம். ஜான்சி சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஏன், போடலாமே! என்னுது படி அறைக்கு மேல இருக்கு, அவ்ளோ உயரம் முடியாது. உங்களுது மாடித் தரையிலதானே நிக்குது?"

அங்கேயே அளவு போட்டோம். தூண் மூன்றடி, தொட்டி நாலரையடி. மூடியைத் திறந்து கழுவ இரண்டரையடி இடைவெளி. பத்தடி உயரத்தில் இரும்புச் சட்டம். அதற்கு மேல் நிழல் போட எதுவுமே இல்லை. கன்னி மூலை முன்பைவிட உயர்ந்துதான் நிற்கும். என் கணவர், "உன் வாஸ்துவுக்கு இன்னும் ரெண்டரை அடி இலவசம்" என்றார். சிஸ்டருக்குத் தெரிந்த வெல்டரிடம் போனில் பேசினோம். அந்த உயரத்துக்கு 22,000 கூடுதல் என்றார். மாங்காட்டில் வழி கேட்டேன், ஆட்டோக்காரன் வாயால் வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வழியில் நின்று குடித்த டீ நான்குக்கு 60 ரூபாய், டில்லிக்கு ஒரு பிஸ்கட்கூட நான் வாங்கித் தரவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை ஒரு டப்பா அதிரசம் கொடுத்தேன்.

சென்னீர்குப்பத்திலிருந்து வீடு 17 கிலோமீட்டர், 5.40க்கு வந்துவிட்டோம். மொத்தம் 55 கிலோமீட்டர், 1,830 ரூபாய். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போயிருக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் மலிவு.

இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு: போட்டவர் வீட்டைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பாருங்கள், நிழலுக்கு இரண்டு முகம். "மானியத்துடன்" என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தால், எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முழுத் தொகையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும், மானியம் பிறகுதான் வரும். ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம். மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டச் சொல்லாமல் யாருடைய பேட்டரியையும் நம்பாதீர்கள். எங்களுக்கு இப்போது சட்டத்தோடு 2,87,000, மானியம் போக 2,27,000. பேட்டரி 1,10,000ஐ ஏழு வீடும் பங்கிட்டுக்கொள்கிறோம். எங்கள் பங்குபோகக் கையிருப்பில் கொஞ்சம் மிஞ்சும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எங்கள் மாடிக்கு வடகிழக்கே ஏரி, இடையில் ஒரு மரம்கூட இல்லை. மழைக்காலக் காற்று நேராக வந்து மோதும். பத்தடி உயரத்தில் நான்கு பேனல் என்றால் கப்பலில் பாய் விரித்த மாதிரி. வெல்டர் "நிக்கும்மா" என்கிறார், அவர் இதுவரை கார் ஷெட்தான் போட்டிருக்கிறார். வேலைக்குப் பத்து நாள் ஆகும், மழைக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதால் அவருக்கு வரும் வெள்ளிக்கிழமை நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும்.

ஆகவே, வெட்டவெளியில் அவ்வளவு உயரத்தில் சட்டம் போட்டு ஒரு புயலையாவது பார்த்தவர்கள் இதைப் படித்தால், நின்றதா, விழுந்ததா, அடியில் எப்படிப் பிடிப்புக் கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். இரண்டு வரி போதும். வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்.