மூன்று மொழியில் ஒரே கேள்வி

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து, முக்காட்டை இடது காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வெப்சைட்டுகளுக்கு இடம் தருகிற பெங்களூர் கம்பெனி ஒன்றின் எண்ணை அழுத்தினார் வஜிஹா. அங்கே மணி அடிக்க அடிக்க, அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது மணிக்கு ஒரு பெண் எடுத்தாள். டெக்னிக்கல் ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள், மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்றாள். வஜிஹா நன்றி சொல்லி வைத்துவிட்டு, கையிலிருந்த தாளில் அந்தக் கம்பெனியின் பெயருக்கு எதிரே 9 என்று எழுதினார். வெளியே காத்திருந்த முனிவேலிடம் வந்து சொன்னார்.

"சோத்து வேளையில சர்வர் நின்னுபோனா, மூணு மணி வரைக்கும் நின்னுகினே இருக்கும் போல முனிவேலு."

ஓசூர் தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர் வஜிஹா. வலது காதில் கம்மல் போட்டிருப்பார், இடது காதில் போடமாட்டார். ரிசீவர் உரசி உரசிப் பழகிய காது அது. வேலை போன பிறகும் அந்தக் காதில் எதையும் மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தாலும் போன் மணி அடித்தால் முதுகு நேராகிவிடும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆபீசுக்கு வேண்டிய அளவு இங்கிலீஷ். எந்த மொழியில் கூப்பிட்டாலும் அதே மொழியில் பதில் சொல்வார். ஆளைப் பார்த்து எடை போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "மூஞ்சிய மாத்திக்கலாம்பா, குரல மாத்த முடியாது" என்பார்.

தொண்ணூற்றேழில் கம்பெனி தானியங்கி போர்டு வாங்கியது. வஜிஹாவுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து ஒரு கடிகாரத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் போன்கள் வீட்டுக்கும் வந்தன. "மேடம், பித்தளை வாஷர் அடிக்கறது யாரு?" "ஆப்பரேட்டரம்மா, கியர் வெட்டறதுக்கு சூளகிரிப் பக்கம் ஒருத்தர் இருந்தாரே, நம்பர் தெரியுமா?" அவருக்கு எல்லாம் தெரியும். ஓசூரைச் சுற்றி ஷெட் போட்டு இரண்டு மூன்று மெஷின் வைத்திருக்கிற சின்னப் பட்டறைகள் அத்தனையின் எண்ணும் அவர் நாக்கில் இருந்தது. பதில் சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்ததை மறந்திருப்பார். கணவர் மெஹபூப் பாஷா கருகின வாசனைக்கு எழுந்து வந்து, "இந்த வீடு இன்னும் கம்பெனியாத்தான் இருக்குது" என்று சொல்லி அடுப்பை அணைப்பார்.

பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த முனிவேல்தான் இதற்கு வழி சொன்னான். நாற்பது வயதுக்காரன், கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டே இன்டர்நெட்டைக் கற்றுக்கொண்டவன். "அக்கா, உங்க தலையில இருக்கறத வெப்சைட்டுல போட்டுடலாம். ஹூப்ளியில இருக்கறவனும் பாப்பான், பூனாவுல இருக்கறவனும் பாப்பான்."

அப்படித்தான் நாற்பத்தொரு பட்டறைகளின் பெயர், என்ன வேலை செய்வார்கள், என்ன மெஷின் இருக்கிறது, எந்த எண்ணில் பிடிக்கலாம் என்ற விவரத்தோடு ஒரு சின்ன வெப்சைட் உருவானது. வஜிஹா ஒவ்வொரு ஷெட்டாக நடந்துபோய்க் கேட்டு எழுதினார். அது எங்கே இருக்கும் என்று கேட்டவர்களுக்கு, "எங்கயோ ஒரு மெஷின்ல இருக்கும். நான் இருக்கறன் இல்ல?" என்று சொன்னார். அந்த வார்த்தையை நம்பி நாற்பத்தொரு பேரும் விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரியை அச்சடித்துக்கொண்டார்கள்.

வெப்சைட்டை வைத்திருக்க ஒரு கம்பெனி வேண்டும் என்றபோது, பேப்பரில் விளம்பரம் பார்த்து முனிவேலே ஒன்றைப் பிடித்தான். இருப்பதிலேயே மலிவு. எவ்வளவு வேண்டுமானாலும் இடம், எந்த நேரமும் உதவி என்று போட்டிருந்தது. வஜிஹா அந்த எண்ணுக்கு ஒருமுறைகூடப் பேசிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் ஓடியது. தொண்ணூற்றொன்பது ஜூலையில் ஒரு காலை, ஸ்பிரிங் சுற்றுகிற திம்மப்பன் சைக்கிளை வாசலிலேயே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அவருடைய ஷெட்டில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஹூப்ளியில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு மாதிரி அனுப்பியிருந்தார். ஆர்டர் வந்துவிட்டால் இன்னொரு மெஷின் போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"மேடம், அந்த பர்ச்சேஸ் ஆபீசரு கார்டுல இருந்த அட்ரஸ அடிச்சிப் பாத்தாராம். ஒண்ணும் வரலயாம். 'ஏனப்பா, கம்பெனிய மூடிட்டியா'ன்னு கேக்கறாரு. நா என்னாத்த சொல்றது?"

முனிவேல் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்தான். வெள்ளைத் திரைதான் வந்தது. ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்தான் இன்னொன்று தெரிந்தது: வெப்சைட்டின் பெயரையே அந்தக் கம்பெனி தன் பெயரில் பதிவு செய்திருந்தது. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், மாற்றுவதற்குப் பெயர் இவர்கள் கையில் இல்லை. நாற்பத்தொரு பேருடைய கார்டும் ஒரே நாளில் வெறும் தாளாகிவிட்டது.

முனிவேல் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. வஜிஹா அவன் வீட்டுக்கே போய் நின்றார்.

"கேக்காம விட்டது நானும்தானே? பதினெட்டு வருஷம் குரல் கேட்டவ, இதுக்கு ஒரு போன் பண்ணல. எழுந்து வா."

ஓடிப்போன கம்பெனியை அவர் போனிலேயே தேடினார். பழைய பெங்களூர் டைரக்டரியில் அந்தக் கட்டடத்தின் முகவரியைப் பார்த்து, கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடையின் எண்ணைப் பிடித்தார். கடைக்காரர் சொன்னார்: மேலே இருந்தவர் நஷ்டப்பட்டு ஆபீசைக் காலி செய்துவிட்டு மைசூரில் மாமனார் வீட்டில் இருக்கிறார். எண்ணையும் கொடுத்தார். முனிவேல் பக்கத்தில் நின்று, போலீஸ் என்று சொல்லச் சொல்லிக் கை ஜாடை காட்டினான். வஜிஹா அதைக் கவனிக்கவில்லை.

"சார், வணக்கம். ஓசூர்லேந்து பேசறன். நாப்பத்தோரு பட்டறைக்காரங்க பேரு உங்ககிட்ட இருக்குது. அது உங்களுக்குத் தேவையா சார்?"

எல்லாருக்கும் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் போன் எடுக்கவில்லை என்றார் அவர். பெயரை விட்டுத்தருவதாகக் கையெழுத்துப் போட்ட கடிதம் அன்று சாயங்காலமே முனிவேலின் கடைக்கு ஃபேக்ஸில் வந்தது. "கெட்டவன் இல்ல. போன் எடுக்கத் தைரியம் இல்லாதவன். நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வஜிஹா.

அடுத்த கம்பெனியை அவரே தேடினார். வீட்டுப் போனில் எஸ்.டி.டி. கிடையாது; அதனால் முனிவேலின் கடைக்கு எதிரே இருந்த பூத். கணவர் தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமை மதியம் ஒரு தடவை, திங்கள் காலை கடை திறக்கிற நேரத்தில் ஒரு தடவை, அதற்கு மறுநாள் ஒரு தடவை. ஒரே கம்பெனிக்கு கன்னடத்தில் ஒருநாள், தெலுங்கில் ஒருநாள், இங்கிலீஷில் ஒருநாள், மூன்று வேறு ஆட்களைப் போலப் பேசுவார். கேள்வி மட்டும் மாறாது. பெயர் யார் பேரில் பதிவாகும்? கோளாறு என்றால் போன் எடுக்கப்போகிற ஆளின் பெயர் என்ன? கடைசியாக, குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டு: நாங்கள் உங்களை விட்டுப் போக நினைத்தால் என்ன செய்யவேண்டும்?

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலபேர் தடுமாறினார்கள். ஒருவர், "அப்படி ஒரு நிலைமையே வராது மேடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு கம்பெனி இங்கிலீஷில் கேட்டபோது பெயர் உங்களுடையது என்றது, கன்னடத்தில் கேட்டபோது எங்கள் பேரில் இருப்பதுதான் பாதுகாப்பு என்றது. எல்லாருமே தங்கள் மெஷின் தங்கள் ஆபீசிலேயே இருப்பதாகச் சொன்னார்கள்.

நான்காவதாக ஒரு எண். இரண்டாவது மணியிலேயே எடுத்தவர் வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு, "ராமப்பா பேசறேன்" என்றார் கன்னடத்தில். திங்கட்கிழமை தெலுங்கில் பேசியபோதும் அவரே எடுத்தார். மூன்றாம் தடவை வஜிஹா இங்கிலீஷில் தொடங்கி, பாதிக் கேள்வியில் இருந்தபோது அவர் குறுக்கிட்டார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. வெள்ளிக்கிழமை கன்னடத்துலயும் நேத்து தெலுங்குலயும் பேசினது நீங்கதானே?"

பதினெட்டு வருடத்தில் வஜிஹாவை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. பூத்துக்குள் தனியாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "முனிவேலு, காலையில பெங்களூருக்கு பஸ் ஏறலாம்" என்றார்.

ராமப்பாவின் ஆபீஸ் ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு போன், ரப்பர் வாசனை. முனிவேல் சர்வரைத் தேடிச் சுற்றிலும் பார்த்தான்.

"நோடி, பாருங்க மேடம், மெஷின் இங்க இல்ல. அமெரிக்காவுல இருக்குது. வாடகைக்கு எடுத்து உங்களுக்குக் குடுக்கறோம். இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேரு அப்படித்தான். சொல்ல மாட்டாங்க."

சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. சில தேதிகளில் சிவப்பு மையில் சுழித்திருந்தது. அது என்ன என்று வஜிஹா கேட்டார். எல்லாம் நின்றுபோன நாட்கள் என்றார் ராமப்பா. மே மாதம் ஆறு மணிநேரம், ஜூனில் இரண்டு. எதனால் என்றும் சொன்னார். பிறகு தன் வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி, போனையும் நகர்த்தினார். "யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க."

வஜிஹா பட்டியலின் நடுவிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் நல்லவிதமாகச் சொன்னார். இன்னொருவர் எரிச்சலோடு, "வேலை லேட்டு பண்ணுவாரும்மா. ஆனா போன எடுத்துத் திட்டு வாங்கிக்குவாரு" என்றார். அந்த இரண்டாவது பதிலுக்குத்தான் வஜிஹாவின் தலை ஆடியது. கடைசிக் கேள்வியை மறுபடி நேரிலேயே கேட்டார்.

"விட்டுப் போவணும்னா ஒரு கடுதாசி போடுங்க, போதும். பேரு உங்க பேர்லதான் பதிவாவும். மாசம் ஒருதரம் எல்லாத்தையும் ஃப்ளாப்பியில காப்பி எடுத்து வீட்டுல வச்சிக்குங்க. என்னையும் முழுசா நம்பாதீங்க."

மலிவு என்று சொல்ல முடியாது. முனிவேல் முதலில் பிடித்ததைவிட இரண்டு மடங்கு. வஜிஹா அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பெயர் கை மாறி எல்லாம் சரியாக இரண்டு வாரம் பிடித்தது. புதன்கிழமை காலையில் முனிவேலின் திரையில் நாற்பத்தொரு பெயரும் வரிசையாக வந்து நின்றன. அவன் கை தட்டினான். வஜிஹா தட்டவில்லை. "இங்க தெரியறது இருக்கட்டும். ஹூப்ளியில தெரியுதா?" என்றார். திம்மப்பனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு சைக்கிளில் வந்து சேர்ந்தவரை அழைத்துக்கொண்டு எதிரே பூத்துக்குப் போனார்.

பர்ச்சேஸ் ஆபீசர் லைனில் வந்தார். வஜிஹா கன்னடத்தில், அந்த முகவரியை இன்னொரு முறை அடித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. திம்மப்பன் வஜிஹாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு," என்றது ஹூப்ளி குரல். "மேலேந்து எட்டாவது. திம்மப்பன், ஸ்பிரிங். ஆளு பக்கத்துல இருக்காரா? மாதிரி பத்திக் கொஞ்சம் பேசணும்."

"ஒரு நிமிஷம் சார், லைன்ல இருங்க" என்றார் வஜிஹா. ரிசீவரைத் திம்மப்பனின் கையில் வைத்து, அவருடைய விரல்கள் அதைச் சரியாகப் பிடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பூத்தை விட்டு வெளியே வந்து, சத்தம் வராமல் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.