மூடியின் கொக்கி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் முழங்கால்களுக்குக் கீழே இருக்கும் தழும்புகளுக்கு உங்கள் நம்பிக்கை தேவையில்லை.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். அதிகம் பேசாதவன். வெலோமொபைல் வாங்கியதற்கும் அதுதான் காரணம். மூன்று சக்கர மிதிவண்டிதான். ஆனால் சாய்ந்து படுத்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். உடம்பு முழுவதையும் சுற்றிக் கண்ணாடியிழைக் கூடு. தலைக்கு மேல் ஒரு மூடி. மழை, புழுதி, அடுத்தவர் பேச்சு, எதுவும் உள்ளே வராது. வேலைக்குப் போக, காய்கறி வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான். இறக்கத்தில் விட்டால் ஸ்கூட்டர்காரர்களே பின்தங்குவார்கள். உள்ளே நான் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். “எங்க அண்ணனோடது. அவர் இப்ப ஓட்டுறதில்ல” என்றார் விற்றவர். அண்ணன் நல்ல உயரம் போலிருக்கிறது. பெடல் எனக்கு எட்டவே இல்லை. மெக்கானிக் அதை என் பக்கம் நன்றாக இழுத்து வைத்துக் கொடுத்தார்.

ஒரே குறை. ஓடும்போது மூடி ‘டக டக டக’ என்று ஆடும். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. வெளிப்பக்கம் ஒரு கொக்கி வைத்தேன். அதற்குத் தோதாக இரண்டு திருகுத் துளைகள் ஏற்கெனவே இருந்தன. கச்சிதமாகப் பொருந்தியது. கிளம்பும்போது மனைவி மாட்டிவிடுவாள். அச்சக வாசலில் காவலாளி கழற்றிவிடுவார்.

“பார்சல் வந்திருக்கு. பிரிக்கட்டா சார்?” என்பார் தினமும்.

மனைவிக்கு அந்தச் சிரிப்பெல்லாம் வராது. “வழியில ஏதாச்சும்னா எப்படிங்க வெளிய வருவீங்க?”

“வழியில என்ன ஆகப்போகுது?”

அன்று நல்ல மழை. மாலை 6.40. காவலாளி மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். கொக்கி மாட்ட ஆளில்லை. மூடியைச் சும்மா சாத்திக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுக டக டக டக... பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

கால்வாய்ப் பாலத்தின் இறக்கம். மணி 6.52.

சத்தம் நின்றுவிட்டது.

வண்டி வேகமாக ஓடுகிறது. மூடி மட்டும் ஆடவில்லை. கையால் மேலே தள்ளினேன். அசையவில்லை. யாரோ கொக்கியை மாட்டியிருக்கிறார்கள்... ஓடுகிற வண்டியில்.

தடார்!

வண்டியின் மூக்கிலிருந்து வந்தது. என் பாதங்களுக்கும் அப்பால். கல் அடித்திருக்கும் என்று நினைத்தேன்.

தடார். தடார்.

கல் இல்லை. உதை.

பெடல் என் காலை மீறிச் சுழன்றது. அதன் பற்கள் காலைக் கிழித்தன. பிரேக் பிடித்தேன். நிற்கவில்லை. கைப்பிடி என் பிடியைத் திருகிக்கொண்டு இடப்பக்கம் வெட்டியது. வண்டி உருண்டது. தலை கூட்டில் மோதியது. வாயில் ரத்தம்.

பிறகு தண்ணீர்.

மூக்கு கரையில் நிமிர்ந்து நிற்க, பின்பக்கம் கால்வாய்க்குள். என் தலை இருந்த பக்கம். கழுத்துவரை ஏறியது. மூடியை முட்டினேன். முழங்கையால் இடித்தேன். தோள் பிசகியது.

தடார். தடார். தடார்.

வெறி பிடித்த உதை. என் கால்கள் பெடலில் சிக்கிக் கிடந்தன. நான் உதைக்கவில்லை...

தண்ணீர் வாய்க்கு வந்தது.

காதருகே யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

நான் இல்லை.

தடார்!

வண்டியின் மூக்கு உடைந்து சிதறியது. ஓட்டையில் வெளிச்சம். லாரி விளக்கு.

கொக்கி வளைந்து இறுகியிருந்தது. ஓட்டையில் என் கால்களைப் பார்த்து இறங்கி வந்த லாரி டிரைவர் கடப்பாரையால் நெம்பி மூடியைப் பிய்த்தெடுத்தார். என்னைக் கரையில் போட்டுவிட்டுக் கேட்டார்.

“யாருங்க உங்கள உள்ள வெச்சுப் பூட்டுனது?”



கால் கட்டுப் பிரித்த பிறகு மெக்கானிக்கிடம் போனேன். உடைந்த மூக்கை அவர் வெகுநேரம் பார்த்தார்.

“இது வெளியருந்து அடிபட்டதில்ல சார். உள்ளருந்து உதைச்சது.”

“பயத்துல நான்தான் உதைச்சிருப்பேன்.”

“உள்ள உக்காருங்க. கால நீட்டுங்க.”

நீட்டினேன். முடிந்தவரை நீட்டினேன். உடைந்த இடத்துக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

அன்றே விற்றவருக்குப் போன் செய்தேன். வண்டி கால்வாயில் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

“அந்தக் கொக்கியக் கழட்டிட்டுத்தான சார் குடுத்தேன்...” என்றார் அவர். “மறுபடி ஏன் வெச்சீங்க?”

கொக்கியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

“அன்னிக்கும் நாங்க யாரும் மாட்டல சார். அண்ணன் சும்மா சாத்திக்கிட்டுத்தான் போனாரு. அதே பாலம். உயிர் போற வரைக்கும் உதைச்சிருக்காரு...”

மூச்சு வாங்கியது அவருக்கு.

“அன்னிக்கு உடையல.”