நான் அனுப்பாத குரல்

நீங்கள் நம்ப வேண்டுமென்று இதைச் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கதையை யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். கல்முனையில் ஒரு தனியார் வகுப்பில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன், வயது முப்பத்திரண்டு. போன் தானாக ஒன்றும் செய்யாது, யாரோ ஒருவர் அழுத்தினால்தான் செய்யும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நஸ்லியா என் கூட்டாளி. மருதமுனையில் அவளும் உம்மாவும் மட்டும்தான். மாப்பிள்ளை தேடி ஒரு கல்யாண ஆப்பில் சேர்ந்தாள். அதில் படத்தைப் போட்டால் யாரும் பார்க்கலாம், யாரும் எடுக்கலாம், போன் நம்பரும் அப்படியே தெரியும். அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கத்தாரில் இன்ஜினியர் என்று ஒருவன் வந்தான், மூன்று மாதம் மரியாதையாகக் கதைத்தான், தலை மூடாமல் ஒரு படம் கேட்டான், கட்டப்போகிறவர்தானே என்று இவளும் அனுப்பிவிட்டாள். பிறகு வேறு மாதிரிப் படம் கேட்டான். மாட்டேன் என்றாள். அடுத்த நாளே அந்தப் படம், இல்லாத கதைகளெல்லாம் ஒட்டிக்கொண்டு, ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் வாசலுக்கு வரவில்லை. டெங்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோதும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "அங்க இரிக்கிற எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்திருப்பாங்கடி" என்றாள் என்னிடம். கடைசியில் நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். நேரம் கடந்திருந்தது, காப்பாற்ற முடியவில்லை.

ஜனாஸா வீட்டில் நான் அழவில்லை. அவன் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். நஸ்லியாவின் போனில் எத்தனையோ தடவை பார்த்த முகம், இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

போன வருடம் எனக்கும் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். என் படம் தரகர் கையில் வீடு வீடாகப் போவதைவிட நானே தேடுகிறேன் என்றேன். நாலைந்து ஆப்புகளை இறக்கி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். என் நம்பர் மற்றவருக்குத் தெரியுமா, நான் விடுகிறவர் மட்டும் படத்தைப் பார்க்க முடியுமா, காட்டிய பிறகு திரும்ப மறைக்கலாமா, ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடுமா, கணக்கை அழித்தால் உண்மையிலேயே அழியுமா. யாரும் வாசிக்காத அந்த நீண்ட நிபந்தனைகளையும் உட்கார்ந்து வாசித்தேன். கடைசியில் ஒன்று பிடித்தது. பெண் சம்மதிக்காமல் அதில் ஆண் ஒரு சொல்கூட எழுத முடியாது. வேறு பெயரில், படம் போடாமல் சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு கோரிக்கை வந்தது. வேறு பெயர், வேறு தொழில். அதே தழும்பு.

வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சம்மதம் கொடுத்தேன். என் திட்டம் இதுதான்: எங்காவது வரவழைத்து, அவன் முகத்தைப் படம் எடுத்து, அவன் செய்ததையும் எழுதி அதே குழுக்களில் போட வேண்டும். அவன் ஸலாம் எழுதினான், நான் பதில் ஸலாம் எழுதினேன். அவ்வளவுதான். வகுப்புக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் அவன் எழுதியிருக்கிறான்: "உங்கட குரல் நல்லா இரிக்கி. ஓம், நீங்க சொன்ன மாதிரி நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பலூடாக் கடைக்கு வாறன்."

நான் குரல் எதுவும் அனுப்பவில்லை. கடையின் பேச்சே எடுக்கவில்லை. என் பக்கத்தில் அந்த ஒரு ஸலாமைத் தவிர வேறொன்றும் இல்லை. என் கணக்கில் வேறு போனிலிருந்து யாரும் நுழைந்திருக்கிறார்களா என்று பார்த்தேன், இல்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். ஆனாலும் அடுத்த நாள், ஊரில் இருக்கிற அந்த ஒரே பலூடாக் கடைக்குப் போனேன்.

உள்ளே போகவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துணிக்கடை வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். நல்ல வெயில், பலூடாக் கடையின் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அவன் இருந்தான். எதிர்க் கதிரையில் யாரும் இல்லை. ஆனால் அவன் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான், மேசையில் இரண்டு பலூடா வந்தது. ஒரு பத்து நிமிடம் போயிருக்கும், அவன் முகம் மாறியது. தலையைக் குனிந்தான். பிறகு போனை எடுத்து, எதிர்க் கதிரைப் பக்கம் திருப்பி, எதையோ ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி அழித்தான். எழுந்து வந்து கதவைத் திறந்து, யாருக்கோ வழி விடுகிறவன் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, ஓட்டோவில் ஏறிப் போனான். படம் எடுக்க வந்தவள் நான், போனைத் தூக்கவே மறந்துவிட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு கிளாசும் காலி. அவனே இரண்டையும் குடித்திருப்பான் என்பீர்கள், இருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் நஸ்லியாவின் உம்மா எனக்குப் போன் எடுத்தார். "மகள், ஓடி வா" என்றார்.

நான் போனபோது அவன் அவர்கள் வீட்டு முற்றத்து மணலில் முழங்காலில் இருந்தான். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் கூடியிருந்தது. செய்ததை எல்லாம் சொல்லி முடித்திருந்தான். போதாததற்கு, தன் முகத்தைக் காட்டி, "அந்தப் புள்ளையில ஒரு பிழையும் இல்ல, எல்லாம் நான் செஞ்ச அநியாயம்" என்று வீடியோ எடுத்து, அதே குழுக்களுக்கு அவன் கையாலேயே அனுப்பியிருந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மறைக்க மாட்டேன், பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"மன்னிச்சிடுங்க உம்மா" என்றான்.

"நான் மன்னிக்க மாட்டன். மறுமையில, மஹ்ஷர்ல அவக்கிட்டயே கேளு" என்றார் உம்மா. பிறகுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "உனக்கு இந்த ஊட்டை ஆரு காட்டின?"

"அவதான் கூட்டி வந்தா. வெளியில ஓட்டோவில இரிக்கிறா."

நானும் உம்மாவும் வெளியே ஓடினோம். ஓட்டோக்காரர் மட்டும் நின்றார். காரைதீவுப் பக்கத்து மனிதர், எங்கள் யாரையும் தெரியாது.

"அந்த அக்கா இறங்கிப் போயிட்டாவே" என்றார். "என்ன சனமோ தெரியா. அவர் வழியெல்லாம் அழுதிட்டு வாறார், அக்கா சிரிச்சிட்டு வாறா."

"எப்படிச் சிரிச்சா?" என்று உம்மா கேட்டார்.

ஓட்டோக்காரர் வெட்கப்பட்டார். பிறகு செய்து காட்டினார். முதலில் விக்கல் மாதிரி இரண்டு, அப்புறம் மூச்சை இழுத்து ஒரு நீளச் சிரிப்பு. உம்மா அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் அவளுடைய அந்தச் சிரிப்புக்காக நானும் சேர்ந்து வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

அவன் இப்போது எங்கே என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அந்த ஆப்பை அன்றே அழித்துவிட்டேன். ஆனால் உம்மா சந்தைக்கோ கிளினிக்குக்கோ எங்கே போனாலும் அந்தக் காரைதீவு ஓட்டோவைத்தான் கூப்பிடுகிறார். சில நாள் நானும் கூடப் போவேன். போன கிழமை ஏறப்போனபோது என் கையைப் பிடித்து, "மகள், நீ முன்னுக்கு டிரைவரோட இரி. பின்னுக்கு எடம் இல்ல" என்றார்.

பின் சீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். ஓட்டோக்காரர் என்னைப் பார்க்காமல், கொஞ்சம் நகர்ந்து இடம் தந்தார்.